நகராத மீட்டர்கள்

அந்த ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் கணவர், அதுவும் கோபம் வந்தால் மட்டும். இன்னொருவர் சம்பளச் சீட்டு கொடுக்கும் குமாஸ்தா. மற்ற எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா.

நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் மீட்டர் படிக்கிற வேலை. பத்தொன்பது வருடமாக அதே வேலை. தோளில் ஒரு பை. அதற்குள் நடைபாதையில் பதிந்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்க ஒரு கொக்கி, மீட்டர் கண்ணாடியைத் துடைக்க ஒரு பழைய துணி, ஒரு டார்ச், நகராட்சி கொடுத்த கையடக்கக் கருவி, அந்தக் கருவியை நம்பாமல் அவளாகவே வாங்கி வைத்துக்கொண்ட ஒரு நோட்டு. மூடியைத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, எறும்பையும் நத்தையையும் ஒதுக்கிவிட்டு, எண்ணைப் படித்து, எழுதி, எழுந்து, அடுத்த வீடு. ஒரு நாளைக்கு இருநூறு தடவை குந்தி எழுந்தால் முழங்கால் என்ன ஆகும் என்று யாராவது கேட்டால், உடற்பயிற்சிக் கூடத்துக்குக் காசு கட்டாமல் மிச்சம் என்பாள்.

ஒரு வீட்டுக்குள் நுழையாமலே அந்த வீட்டைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பது அவளுக்குத்தான் தெரியும். விருந்தாளி வந்தால் தெரியும். குழந்தை பிறந்தால் தெரியும். பிள்ளைகள் படிக்க வெளியூர் போனால் தெரியும். புருஷனோ பெண்டாட்டியோ கோபித்துக்கொண்டு போனாலும் இரண்டாவது மாதத்தில் தெரிந்துவிடும். தெரிந்ததை அவள் வாயைத் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஊர்வம்பு கேட்பதில் ஆசை உள்ளவர். எத்தனையோ முறை தூண்டில் போட்டுப் பார்த்துவிட்டு, “உன் வாய்க்கும் அந்த இரும்பு மூடிதான் போல” என்று விட்டுவிட்டார்.

மீட்டரக்கா என்ற பெயர் ஊரெல்லாம் பரவியது ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரால். தனியாக இருந்தவர். மாதத்துக்கு ஐந்து யூனிட்டுக்கு மேல் தண்ணீர் செலவழிக்காதவர். ஒரு நாள் காலை அவர் வீட்டு மூடியைத் தூக்கினால், தண்ணீர் ஓடும்போது சுற்றுகிற சின்னச் சிவப்புச் சக்கரம் பம்பரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணைப் பார்த்தாள். ஒரே மாதத்தில் இருபத்திரண்டு. மணி அடித்தாள், கதவைத் தட்டினாள், பதில் இல்லை. பக்கத்து வீட்டில் ஏணி வாங்கி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். உள்ளே குழாய் திறந்தபடி இருந்தது. முந்தின நாள் மதியத்திலிருந்து அப்படியே கிடந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவோடு பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், நாற்பது வருடம் கடிதம் கொடுத்த கால்களால் நடக்க முடியாத குறையை வாயால் தீர்த்துக்கொண்டார். வந்தவர் போனவரிடமெல்லாம் மீட்டரக்கா புகழ்தான்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் அவள் சோப்புத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிற வேலையில் இருந்தாள். ஊரின் கிழக்கு ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டி இருந்த தொழிற்சாலை. அது மூடப்பட்டபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது, மகளுக்கு ஐந்து. அழுதவர்கள் அழுதார்கள். அவள் மறுநாளே நகராட்சி அறிவிப்புப் பலகையில் மீட்டர் படிக்க ஆள் தேவை என்றிருந்ததைப் பார்த்து விண்ணப்பம் எழுதிப் போட்டாள். வெயிலில் நடக்க முடியுமா, நாய்க்குப் பயமா என்று நேர்காணலில் கேட்டார்கள். “நாய் என்னைப் பார்த்துப் பயப்படாம இருந்தா சரி” என்றாள். வேலை கிடைத்தது.

இப்போது மகளுக்கு இருபத்து நான்கு வயது. ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் கட்டிக்கொண்டவர் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவர். நல்ல பையன், கொஞ்சம் உயரம் அதிகம். கல்யாணமாகி ஒன்றரை வருடமாக இரண்டு பேரும் மீட்டரக்கா வீட்டில்தான் இருந்தார்கள். சலவைக் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வாடகை வீடு. முன்னறையைப் பீரோவால் இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பீரோவுக்கு அந்தப் பக்கம் புதுத் தம்பதி, இந்தப் பக்கம் தொலைக்காட்சி. மாமனாருக்குச் செய்தி பார்க்கிற பழக்கம். மருமகனுக்கோ பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து தும்மினால்கூட வெட்கம். குளியலறைக் கதவில் யார் எப்போது என்று ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. தீயணைப்பு வண்டி கிளம்ப இரண்டு நிமிடம், இந்த வீட்டில் குளிக்க இருபது நிமிடம் என்று மருமகன் சொல்வார்.

அவர்களும் சும்மா இருக்கவில்லை. பதினான்கு மாதம் வீடு தேடினார்கள். அழைத்தால் பத்து நிமிடத்தில் நிலையத்துக்கு வந்து சேர வேண்டும் என்பது மருமகனின் வேலை விதி, அதனால் வெளியூரில் மலிவாகப் பார்க்கவும் வழியில்லை. ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் படிக்கட்டு முழுக்க வரிசை நின்றது. ஒரு வீட்டுக்காரம்மா, குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனை இருக்கிறதா என்று கேட்டாள். இன்னொரு இடத்தில் “ஒற்றை அறை வீடு, புதிதாகச் சீரமைத்தது” என்று விளம்பரம். மாமனாரும் துணைக்குப் போயிருந்தார். உள்ளே நுழைந்ததும் தரைவிரிப்பின் ஓரத்தைக் காலால் நீக்கிப் பார்த்தார். “மாப்ள, இது வீடு இல்ல. கார் நிறுத்துற கொட்டகை. எண்ணெய்க் கறை பாருங்க, கியர் பாக்ஸ் ஒழுகியிருக்கு” என்றார். சம்பளத்தில் பாதிக்கு மேல் அந்த எண்ணெய்க் கறைக்கு வாடகையாகக் கேட்டார்கள்.

இந்த நிலைமையில்தான் அந்தத் திட்டம் வந்தது. பாழடைந்து கிடந்த சோப்புத் தொழிற்சாலை நிலத்தை ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் வாங்கி, நான்கு மாடியில் தொண்ணூற்றாறு வீடு கட்ட அனுமதி கேட்டது. பாதி வீடுகள் அந்த ஊரில் வேலை பார்ப்பவர்களுக்கு, கட்டுப்படியாகும் வாடகையில், குலுக்கல் முறையில்.

நகராட்சி மன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. மன்றத்தில் பதினைந்து உறுப்பினர்கள். அவர்களில் வாடகை வீட்டில் இருப்பவர் ஒருவர்கூடக் கிடையாது. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் பல் டாக்டர். அவர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தொழிற்சாலை நிலம் தெரியும். கெட்டவர் இல்லை. மீட்டரக்கா போகும்போதெல்லாம் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிற ஒரே உறுப்பினர் அவர்தான். கடைவாய்ப் பல்லுக்குக் காசு வாங்காமல் வைத்தியம் பார்த்திருக்கிறார். ஆனால் ஊர் என்பது தான் முப்பது வருடத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

முதலில் நிழல் விழும் என்றார்கள். நிழல் ரயில் பாதையின் மேல்தான் விழும் என்று தெரிந்ததும் கார் நிறுத்த இடம் இல்லை என்றார்கள். சங்கம் வரைபடத்தில் இடம் காட்டியதும், தொழிற்சாலையின் புகைபோக்கி ஊரின் அடையாளம், அதை இடிக்கக் கூடாது என்றார்கள். இதைக் கேட்டு மீட்டரக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பத்து வருடம் அந்தப் புகைபோக்கியின் கீழே சோப்புத்தூள் பறந்து மூக்கு எரிந்தவள் அவள். அப்போது ஒருத்தர்கூட அதை அழகு என்று சொன்னதில்லை. சங்கம் புகைபோக்கியை இடிக்காமல் விட்டுவிடுகிறோம் என்றது.

கடைசியாகத் தண்ணீரைப் பிடித்தார்கள். இருக்கிற வீடுகளுக்கே தண்ணீர் மட்டுமட்டாகத்தான் போதுகிறது, புதிதாகத் தொண்ணூற்றாறு இணைப்பு கொடுக்க வழியில்லை என்று ஓர் அறிக்கை அறிவிப்புப் பலகைக்கு வந்தது. கீழே தண்ணீர் இன்ஜினியரின் கையெழுத்து.

மீட்டரக்கா மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தாள். இரண்டாவது முறை படிக்கும்போது சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். ஊரில் நாலாயிரத்து முந்நூறு இணைப்பு, இணைப்புக்கு மூன்றரை ஆள், ஆளுக்கு இவ்வளவு தண்ணீர் என்று பெருக்கியிருந்தார்கள். பெருக்கல் சரி. ஆனால் அந்த நாலாயிரத்து முந்நூறு மூடியையும் மாறி மாறித் தூக்கிப் பார்க்கிற ஆறு பேரில் அவள் ஒருத்தி. அவள் நடக்கிற தெருக்களிலேயே நூற்றுக்கு மேல் மீட்டர்கள் வருடக்கணக்காக அசையவில்லை. வாங்கிப் போட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள், விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்த வீடுகள், வருடத்தில் ஒரு வாரம் விடுமுறைக்கு வந்து போகிறவர்களின் வீடுகள். அந்த மீட்டர்களில் போன வருடம் எழுதிய எண்ணையே இந்த வருடமும் எழுதினாள். அந்தப் பெட்டிகளில் எறும்புதான் குடும்பம் நடத்தியது.

டப்பாவை மூடிவிட்டு நேராக இன்ஜினியர் அறைக்குப் போனாள். அவர் முப்பது வயதுக்காரர், ஒப்பந்த வேலை, தினமும் ஒன்றே கால் மணி நேரம் ரயிலில் வந்து போகிறவர்.

“சார், இந்தக் கணக்கு யார் போட்டது?”

“நான்தான் அக்கா.”

“வீட்டுக்கு மூணரை பேர்னு போட்டிருக்கீங்க. நான் போற தெருவுல அத்தனை பேர் இருந்தா எனக்கு நடக்கவே இடம் இருக்காதே.”

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். மன்றத்தின் தீர்மானத்தில் இணைப்புகளை வைத்துக் கணக்குப் போடு என்றுதான் இருந்தது, மீட்டர் அளவை வைத்துப் போடு என்று யாரும் சொல்லவில்லை என்றார். அதோடு அடுத்த மாதம் தன் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

“கேட்டதைக் கொடுத்தீங்க, சரி. கேட்காததையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அவர் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. வீடு தூரமாக இருப்பவனுக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

அன்று சாயங்காலமே நகராட்சி அலுவலகக் கவுண்டரில், பொது விசாரணையில் பேச விரும்புகிறவர்களின் பட்டியலில் தன் பெயரை எழுதினாள். தொழில் என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, “குடியிருப்பவர்” என்று போட்டாள்.

மூன்றாம் நாள் நகராட்சி மேலாளரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நகராட்சி ஊழியர்கள் அலுவலகத்தின் வெளியிடப்படாத தகவல்களைப் பொது இடத்தில் பேசினால் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்படும் என்று இரண்டே வரி. வீட்டில் அந்தக் கடிதம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கணவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருமகன் படித்துவிட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். மகள்தான் பேசினாள்.

“அம்மா, எங்களுக்காக உன் வேலையைப் பணயம் வைக்காத. நாங்க எப்படியோ பார்த்துக்கிறோம்.”

“உங்களுக்காகன்னு யார் சொன்னது? இருபது வருஷமா நான் குனிஞ்சு எழுதின எண்ணை மூட்டை கட்டி வச்சுட்டு, யாரோ மூணரைன்னு எழுதியிருக்காங்க. அதைத்தான் என்னால பொறுத்துக்க முடியல.”

“பத்தொன்பது வருஷம்” என்றார் கணவர்.

“சரி, பத்தொன்பது. எண்ணுல தப்பு வரக் கூடாதுதான்.”

கடிதத்தை அவள் மறுபடியும் படித்தாள். இந்த முறை “வெளியிடப்படாத” என்ற சொல்லில் கண் நின்றது. வெளியிடப்படாததைப் பேசக் கூடாது என்றால் வெளியிட்டதைப் பேசலாம் அல்லவா? சனிக்கிழமை ஊர் நூலகத்துக்குப் போனாள். மேல்மாடியில், யாரும் தொடாத கடைசி அலமாரியில், நகராட்சியின் ஆண்டறிக்கைகள் வரிசையாக இருந்தன. நூலகர் தூசி தட்டிக் கொடுத்தார். மத்தியானம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆறு வருடத்துக்கு முந்திய அறிக்கையில், நாற்பத்து மூன்றாம் பக்கத்தில், குடிநீர் அட்டவணையின் வலது ஓரத்தில், கடைசிப் பத்தியாக இருந்தது அது. தலைப்பு: “ஓராண்டாக நகராத மீட்டர்கள்”. அந்த வருடம் ஐந்நூற்று நாற்பது. அதற்கு முந்திய வருடம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்த வருடத்து அறிக்கையில் அந்தப் பத்தியே இல்லை.

பிரதி எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது, பழைய சோப்புத் தொழிற்சாலையில் முதல் சம்பளம் வாங்கிய நாளில்கூட அவள் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு. முறைப்படி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சீருடையை மாற்றிவிட்டுப் போனாள். கூடத்தில் உட்கார இடமில்லை. ஆளுக்கு மூன்று நிமிடம். மேடையில் பச்சை விளக்கு எரியும். நேரம் முடிந்தால் சிவப்பு. நடுநாற்காலியில் மன்றத் தலைவி உட்கார்ந்திருந்தார். அவர் கடைத்தெருவில் அச்சகம் வைத்திருப்பவர், ஊரில் அச்சகத்தம்மா என்பார்கள். கறாரானவர், ஆனால் யாருடைய மூன்று நிமிடத்தையும் பிடுங்காதவர்.

மீட்டரக்கா பதினொன்றாவது ஆள். அவளுக்கு முன்னால் பேசியவர்களில் ஏழு பேர் திட்டம் வேண்டாம் என்றார்கள். எல்லோரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். வருங்காலத்தில் குழாயில் காற்றுதான் வரும் என்று ஒருவர் சொன்னபோது பெரிய கைதட்டல். அவள் முறை வந்தபோது பின்வரிசையில் மருமகன் எழுந்து நின்றுகொண்டார். அந்த உயரத்துக்கு அவரை யாராலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவள் கையில் ஒரே ஒரு தாள் இருந்தது. வணக்கம் சொன்னாள். தான் இந்த ஊரில் குடியிருப்பவள் என்றும், நகராட்சி அச்சிட்டு வெளியிட்ட புத்தகத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் பேசப்போவதில்லை என்றும் சொன்னாள். மேலாளர் முதல் வரிசையில் நெளிந்து உட்கார்ந்தார்.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி இந்த ஊர்ல ஐந்நூத்து நாற்பது மீட்டர் ஒரு வருஷம் முழுக்க ஒரு சொட்டுக்குக்கூட நகரல. அது மன்றத்தோட சொந்த அறிக்கை, நாற்பத்து மூணாம் பக்கம். தண்ணி பத்தலன்னு போட்ட கணக்குல அந்த ஐந்நூத்து நாற்பது வீட்டுலயும் ஆள் இருந்து குளிக்கிறதா எழுதியிருக்கு. ஆளே இல்லாத வீட்டுக்குத் தண்ணி ஒதுக்கிவச்சுட்டு, ஊருக்கு உழைக்கிற ஆளுக்குத் தண்ணி இல்லைங்கறீங்க. இப்ப அந்த எண்ணிக்கை எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவங்க இங்கதான் இருக்காங்க. அவங்களைக் கேளுங்க.”

பச்சை விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பல் டாக்டர்தான் முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தார். பழைய புத்தகத்தில் என்னவோ இருந்ததாக யார் வேண்டுமானாலும் தாளை ஆட்டலாம் என்றார். அந்தத் தாள் தலைவியிடம் போனது. அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தாளின் எழுத்தை, ஓரக் கோட்டை, கீழே பக்க எண்ணை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூடம் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

“இது என் அச்சகத்துல அடிச்சதுதான், டாக்டர். அடுத்த வருஷம் இந்தப் பத்தியை எடுத்ததும் நான்தான். தாளோட அகலத்துக்கு அட்டவணை அடங்கல. கடைசிப் பத்தியை எடுத்துடலாமான்னு கேட்டேன், எடுத்துக்கோங்கன்னாங்க. இவ்வளவுதான் நடந்தது.”

யாரோ சிரித்தார்கள். அது அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது. தலைவியும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். சதி என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். ஊரின் ஐந்நூற்று நாற்பது பூட்டிய வீடுகள் ஓர் அங்குலக் காகிதத்துக்காகக் காணாமல் போயிருந்தன.

பல் டாக்டர் விடவில்லை. இப்போதும் அத்தனை வீடுகள் காலியாக இருக்கின்றன என்றால் அவை எவை, யாருடையவை, இந்தம்மா சொல்லட்டும் என்றார்.

மீட்டரக்கா அவரைப் பார்த்தாள். ஏரிக்கரைச் சாலையில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. மூன்று வருடமாக அந்த வீட்டு மீட்டர் எழுநூற்றுப் பதினெட்டிலேயே நின்றிருந்தது. போன செவ்வாய்க்கிழமைகூட அவள் எழுதியது எழுநூற்றுப் பதினெட்டுதான். அது அவருக்கும் தெரியும், அவள் படிக்கிற தெரு அது என்பதும் தெரியும். கேள்வி வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்கு அது உறைத்திருக்க வேண்டும். மேசை மேல் இருந்த கையைக் கீழே எடுத்துக்கொண்டார்.

“எத்தனைன்னு கேளுங்க, சொல்லுவாங்க. யார் வீடுன்னு நான் சொல்ல மாட்டேன், டாக்டர். இன்னிக்கு இல்ல, என்னிக்கும் இல்ல” என்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் போய் உட்கார்ந்தாள்.

தலைவி கூடத்தைச் சுற்றிப் பார்த்து, குடிநீர்ப் பிரிவிலிருந்து யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஜன்னல் ஓரத்தில் இன்ஜினியர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய ரயில் ஐந்தரைக்கு. மணி ஐந்து பத்து. ஒரு நிமிடம் அவர் காலணியைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். சில நாளுக்கு முன்பே அச்செடுத்து வைத்த தாள் என்று அதன் மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

“அறுநூற்றுப் பதினொன்று” என்று படித்தார். “மீட்டர்ல ஓடின தண்ணியை வச்சுக் கணக்குப் போட்டா, இந்தத் திட்டத்தைப் போல ரெண்டு மடங்குக்குத் தாங்கும். நான் முதல்ல கொடுத்த கணக்கு, கேட்ட கேள்விக்குச் சரி. கேள்விதான் சரியில்ல.”

அன்று தீர்மானம் எதுவும் ஆகவில்லை. ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள். அந்த ஒரு மாதமும் மீட்டரக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். சில வீடுகளில் முன்பு சிரித்தவர்கள் திரைச்சீலையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வேண்டுமென்றே மூடியின் மேல் பூந்தொட்டியை நகர்த்தி வைத்திருந்தார்கள். அவள் தொட்டியை நகர்த்தி, படித்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். வேறு சில வீடுகளில், அதுவரை ஒரு வார்த்தை பேசாத வேலைக்காரப் பெண்கள், பள்ளி ஆசிரியைகள், மருந்துக் கடைக்காரர் எல்லோரும் வழிமறித்து, தங்கள் பிள்ளைகள் எந்தெந்த ஊருக்கு வீடு தேடிப் போனார்கள் என்று சொன்னார்கள். மேலாளரின் ஒழுங்கு நடவடிக்கை ஒரு “எச்சரிக்கப்படுகிறீர்கள்” என்ற தாளோடு முடிந்தது. எதற்கு எச்சரிக்கை என்று அதில் எழுதவில்லை. அவள் அதில் கையெழுத்துப் போட்டு, நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வாக்கெடுப்பில் எட்டுக்கு ஏழு என்று திட்டம் தப்பியது. எட்டாவது கை அச்சகத்தம்மாவுடையது. முழுவதும் தப்பவில்லை. ஒரு மாடியை வெட்டினார்கள். தொண்ணூற்றாறு எழுபத்திரண்டானது. சங்கத்துக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போட்டார்கள். மீட்டரக்கா, எழுபத்திரண்டு குடும்பம் என்றால் எத்தனை குளியலறை என்று பாருங்கள் என்று அவர்களைத் தேற்றினாள். அதே கூட்டத்தில், வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் கூடுதல் வரி என்று ஒரு தீர்மானமும் நிறைவேறியது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை.

பல் டாக்டர் எதிர்த்தே வாக்களித்தார். அடுத்த மாதம் அவள் அவர் வீட்டு மூடியைத் தூக்கிக்கொண்டிருந்தபோது வெளியே வந்தார். கையில் வழக்கம்போலத் தண்ணீர்.

“அன்னிக்கு நீங்க சொல்லியிருக்கலாம்” என்றார். அதுவரை அவளை நீ என்றே பேசிவந்தவர்.

“சொல்லியிருந்தா அடுத்த மாசம் யார் வீட்டு வாசல்லயும் என்னை நம்பி மூடியைத் தூக்க விடமாட்டாங்க, டாக்டர்.”

அவர் தண்ணீரை அவளிடம் நீட்டினார். அந்தக் கட்டடம் வருவது இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அது தெரியும் என்றாள். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அடுத்த வருடம் ஏரிக்கரைச் சாலை வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. மனம் மாறியதா, வரி மாற்றியதா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

கட்டி முடிக்க இரண்டு வருடம் ஆனது. குலுக்கலில் மகளுக்கும் மருமகனுக்கும் முதல் பட்டியலில் இடமில்லை. காத்திருப்புப் பட்டியலில் பத்தொன்பதாவது. மகள் அன்று அழுதாள். மீட்டரக்கா அவளைச் சமாதானப்படுத்தவில்லை. பட்டியலின் நகலை எடுத்து வந்து சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வாரமும் சங்க அலுவலகத்துக்குப் போய், விலகியவர்களின் பெயரைக் கேட்டுப் பட்டியலில் அடித்துக்கொண்டே வந்தாள். வேலை மாறிப் போனவர் ஒருவர், மாமியார் வீட்டோடு போனவர் ஒருவர், மூன்றாம் மாடி வேண்டாம் என்றவர்கள் நான்கு பேர். ஏழு மாதத்தில் பத்தொன்பது ஒன்றாகி, ஒன்று வீடாகியது.

குடிபோன ஞாயிற்றுக்கிழமை லிப்ட் வேலை செய்யவில்லை. கணவரும் மருமகனும் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறினார்கள். தீயணைப்பில் ஏணி ஏறுகிறவர் முன்னால் போக, மெக்கானிக் பின்னால் நின்று வலது, இடது, பின்னால் எடு என்று பேருந்து நிறுத்துகிற மாதிரி கட்டளை போட்டார். மேலே போனால் நடைவழி முழுக்க ஏற்கனவே யாருடைய சாமான்களோ கிடந்தன. எதிர்வீட்டுக்கும் அன்றுதான் குடிவருகிறார்கள். பெட்டிகளுக்கு நடுவிலிருந்து, தலையெல்லாம் தூசியாக நிமிர்ந்தார் தண்ணீர் இன்ஜினியர். ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார்கள். அவர் மனைவி, இனிமேல் இவர் ஐந்தரை ரயிலைச் சாக்கு சொல்லி வீட்டுக்குத் தாமதமாக வர முடியாது என்று மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டு வீட்டுச் சாமானும் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி இங்கே, அதன் பலகை அங்கே. ஒரு நீல வாளியை இரண்டு வீட்டாரும் தங்களுடையது என்றார்கள். மீட்டரக்கா வாளியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள், ஓரத்திலிருந்த கீறலைப் பார்த்தாள், நம்முடையது இல்லை என்று எதிர்வீட்டு வாசலில் வைத்தாள். பிறகு தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, யாராவது டீ போடுங்கள், பாத்திரம் யாருடையதாக இருந்தாலும் பரவாயில்லை என்றாள்.